வரியொன்றை வெட்டினால்...?

“ஒரே ஒரு வரி, அண்ணே! அதை வெட்டிவிட்டால் குடியா முழுகிவிடும்?”

கேட்டவர் என் நண்பர். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே, பெரிய ஆலைகளின் நெடுஞ்சுவர்களுக்குப் பின்னே, தகரக் கூரையின் கீழ்ப் பட்டறை வைத்திருப்பவர். மேசைமீது வைத்து மாவரைக்கும் கிரைண்டர் செய்கிறார். பதினொரு தொழிலாளர். மாதக் கடைசி வந்தால் அவர்கள் முகத்தையும் பார்க்கவேண்டும், வங்கித் தவணையையும் பார்க்கவேண்டும். ஏமாற்றுக்காரர் அல்லர். செம்புக் கம்பியிலே கை வைத்து, மோட்டாரை மெலியச் செய்து, விலையை மட்டும் கொழுக்க வைக்கும் வித்தை அறியாதவர். அதனால்தான் அவர் கேட்ட கேள்வி என்னை உறுத்திற்று. அயோக்கியன் கேட்டிருந்தால் விடை எளிது. யோக்கியன் அல்லவா கேட்கிறான்!

கேள்வி பிறந்த கதையைக் கூறிவிடுகிறேன். கிரைண்டரோடு அவர் ஓர் உத்தரவாத அட்டை தருவது வழக்கம். அதன் பின்புறத்திலே வாங்கியவர் கருத்தெழுத நான்கு கோடுகள். அனுப்பினால் அனுப்பலாம். அப்படி வந்த அட்டைகளிலே சிலவற்றைப் பொறுக்கித் துண்டறிக்கையாக அச்சிட எண்ணினார். “நீங்கள் எழுதுகிறவர், கொஞ்சம் தமிழைச் செப்பனிட்டுக் கொடுங்கள்” என்று கட்டை என் கையிலே கொடுத்தார். முதல் அட்டை பூந்தமல்லியிலே வீட்டிலிருந்தபடியே இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு தாய் எழுதியது:

“மாவு நல்லா பொங்குது. கரண்டு பில்லும் கம்மி. ஆனா சத்தம் தாங்கல. காலைல நாலு மணிக்கு போட்டா பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வராங்க.”

அதற்குக் கீழே, நண்பர் தாமே செப்பனிட்டுப் பார்த்த வடிவம் சிவப்பு மையிலே இருந்தது:

“தங்கள் கிரைண்டரில் அரைத்த மாவு மிகச் சிறப்பாகப் பொங்குகிறது. மின் கட்டணமும் பெரிதும் குறைந்துவிட்டது. எங்கள் குடும்பத்தாரின் நெஞ்சார்ந்த நன்றி!”

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், தோழர்களே! வெட்டியது ஒரு வரி என்கிறார் நண்பர். வெட்டியது மட்டுமா? ‘நல்லா’ என்றவள் வாயிலே ‘மிகச் சிறப்பாக’ ஏறிற்று. ‘கம்மி’ என்றவள் வாயிலே ‘பெரிதும்’ புகுந்தது. நன்றி கூறாதவள் நன்றி கூறினாள். அதுவும் தனக்காக மட்டுமன்று, குடும்பம் முழுமைக்குமாக! சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா நாடு கடத்தப்பட்டாள். நான்கு மணி மறைந்தது. மாவு விற்றுப் பிழைக்கும் பெண்ணொருத்தியின் விடியற்காலையே மறைந்தது!

நண்பரிடம் ஒன்று கேட்டேன். “உன் சொந்தப் பெயரிலே, ‘எங்கள் கிரைண்டர் மிகச் சிறப்பானது’ என்று போட்டுக்கொள்ளேன், யார் தடுத்தது?”

“நான் சொன்னால் யார் நம்புவார்கள்?”

அவர் அறியாமலே வழக்கின் உயிர்நிலையைத் தொட்டுவிட்டார். விற்பவன் சொல்லை எவரும் நம்புவதில்லை. அவனுக்கு ஆதாயம் உண்டு. வாங்கியவள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவளுக்கு அதிலே ஆதாயம் இல்லை. நற்சான்றின் விலை முழுவதும் ‘இது என் சொல் அன்று’ என்பதிலே இருக்கிறது. அந்த இடத்திலேயே தன் சொல்லை நுழைத்துவிட்டு, அவள் பெயரை மட்டும் அடியிலே விட்டு வைப்பதென்றால், சட்டி இருக்கிறது, சோறு மாறிவிட்டது என்றுதானே பொருள்?

இந்தச் செய்தியைத் தமிழன் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. நன்னூல் இயற்றிய பவணந்தியார், நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதத் தக்கவர் யாவர் என்று வரையறுத்தார்: நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன். தானே தன்னைப் புகழ்ந்து எழுதுதல், எத்துணை அரிய நூலைச் செய்தவனுக்கும் தகுதியன்று என்றார். அத்தோடு நின்றாரா? இல்லை. அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதார் நடுவே, அவையிலே வெற்றி கொள்ளவேண்டிய வேளையில், எதிரி தன்னைப் பழித்தபோது, இந்த நான்கிடத்துத் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்கும் தந்தார். நடைமுறை அறிந்த இலக்கணம்! தன் வாயால் பேசுவதற்கு நான்கு வாயில்களைத் திறந்துவிட்டவர், பிறன் வாயால் தன்னைப் புகழ்ந்துகொள்ள ஒரு சாளரத்தையும் திறக்கவில்லை. (பிற்காலத்திலே, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் அச்சு நூல்களிலே, சாற்றுகவிகள் பக்கம் பக்கமாகப் பெருகின. நண்பர் நண்பருக்குப் பாட, அவர் இவருக்குப் பாட, நூலைவிட வாழ்த்து நீண்ட கதையும் உண்டு. அது தனி வேடிக்கை.)

கடல் கடந்த வேடிக்கை ஒன்றையும் பார்ப்போம். அமெரிக்காவிலே, மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரத்திலே, லிடியா பிங்க்கம் என்றோர் அம்மையார். பெண்களின் நோய்க்கெல்லாம் மருந்தென்று ஒரு மூலிகைச் சாற்றைப் புட்டியிலே அடைத்து விற்ற குடும்பம். புட்டியின் மேலே அம்மையாரின் சாந்தமான முகம். விளம்பரத்திலே நோய் தீர்ந்த பெண்களின் கடிதங்கள். ‘உங்கள் துன்பத்தை ஆண் மருத்துவரிடம் கூற வேண்டாம், பிங்க்கம் அம்மையாருக்கு எழுதுங்கள்’ என்ற அழைப்பு. எழுதினார்கள். விடையும் வந்தது, அம்மையாரின் பெயரால். 1905இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்ற ஏடு ஒரு படத்தை வெளியிட்டது. அது அம்மையாரின் கல்லறைக் கல்! அவர் இறந்தது 1883இல். இருபதாண்டுக்கு மேலாக மண்ணுக்குள்ளிருந்தபடி மறுமொழி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்! அதே 1905இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற எழுத்தாளர் ‘காலியர்ஸ்’ ஏட்டிலே போலி மருந்துகளையும் அவற்றின் நற்சான்றுகளையும் தோலுரித்துத் தொடர் எழுதினார். 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டம் அந்நாட்டிலே பிறந்தது.

நம் நாட்டிலும் 1954இல் மருந்து, மாய மருத்துவ விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது குற்றம் என்றது. 54 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் கூடாது என்றது. சட்டம் வந்து எழுபதாண்டு கடந்துவிட்டது. மந்திரத் தகடும் மறையவில்லை, ‘மூன்றே நாளில் குணமடைந்தேன்’ என்ற கடிதமும் மறையவில்லை.

“பிங்க்கம் அம்மையாரையும் என்னையும் ஒரே தட்டிலா வைக்கிறீர்கள்?” என்று நண்பர் சினந்தார். நியாயமான சினம்தான். “நான் கடிதம் புனையவில்லை. செத்தவரைப் பேச வைக்கவில்லை. மாவு பொங்குகிறது என்று அவர் எழுதியது உண்மை. கட்டணம் குறைவென்று எழுதியதும் உண்மை. உண்மையை மட்டும் வைத்துக்கொண்டேன். இதிலே பொய் எங்கே?”

இங்கேதான் நாம் சற்று நின்று நிதானிக்கவேண்டும். தொலைவிலே போகவேண்டாம், சென்னையிலேயே சான்று இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வு 2022இன் முடிவிலே நாடு முழுவதற்கும் பரிந்துரைக்கப்பட்டவர் 933 பேர். அவர்களிலே 336 பேர் எங்களிடம் பயின்றோர் என்று சங்கர் ஐ.ஏ.எஸ். அகாடமி விளம்பரம் செய்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, 2024இல் 5 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. ஏன்? பெயர்கள் பொய்யா? இல்லை. முகங்கள் பொய்யா? இல்லை. அந்த 336 பேரிலே 221 பேர் எடுத்தது இலவச நேர்முகத் தேர்வு வழிகாட்டல் மட்டுமே என்பதை விளம்பரம் விழுங்கிவிட்டது! முதனிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் கடந்து வந்தபின், வாயிற்படியிலே ஒரு கை பிடித்துவிட்டது நிலையம். படத்தைப் பார்த்த இளைஞனோ, அடிவாரத்திலிருந்து தூக்கி வந்ததாகவே எண்ணினான். ஆவடியிலும் அம்பத்தூரிலும் எத்தனை தந்தையர் கடன் வாங்கிப் பிள்ளையைப் பயிற்சி நிலையங்களுக்கு அனுப்புகிறார்கள்! அவர்கள் கட்டும் பணம் எதை நம்பிக் கட்டப்படுகிறது? அச்சிட்டதை நம்பியா? அச்சிடாமல் விட்டதை அறியாமையாலா?

இந்த ஒரு நிலையம் மட்டும் அன்று, வேறு பல நிலையங்களும் இவ்வாறே தண்டம் கட்டின. 2024 நவம்பரிலே பயிற்சித் துறைக்கென்றே நெறிமுறைகள் வந்தன. வெற்றி பெற்றவரின் பெயரையும் படத்தையும் போட, அவர் வெற்றி பெற்ற பின்னரே எழுத்து மூலம் இசைவு வாங்கவேண்டும், அவர் பயின்ற பாடம் எது என்பதையும் சொல்லவேண்டும் என்றன.

சொன்னவை அனைத்தும் உண்மையாக இருந்தும் சொல்லின் முடிவு பொய்யாக இருக்கலாம். கூட்டல் எல்லாம் சரி, ஓர் எண்ணை மட்டும் விட்டுவிட்டேன் என்று கணக்குப்பிள்ளை சொன்னால் விடுவோமா?

நண்பர் வேறு வழியில் வந்தார். “சரி. அவரிடமே கேட்டுவிடுகிறேன். அடுத்த சர்வீஸ் இலவசம் என்றால், எந்த வரியையும் வெட்டிக்கொள்ளச் சொல்வார். பிறகு உங்களுக்கென்ன?”

இசைவு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? நியூயார்க்கிலே டேவிட் மெரிக் என்றொரு நாடகத் தயாரிப்பாளர். 1961 டிசம்பரிலே அவர் அரங்கேற்றிய இசை நாடகத்தை விமர்சகர்கள் போற்றவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்நகரத்தின் புகழ் வாய்ந்த ஏழு விமர்சகர்களின் பெயரையே தாங்கிய வேறு ஏழு பேரைத் தேடிப் பிடித்தார். நாடகம் காட்டினார், விருந்து வைத்தார். அவர்கள் பெயராலும் படத்தாலும் வானளாவப் புகழ்ந்து 1962 ஜனவரியிலே விளம்பரம் கொடுத்தார். ஏடு ஒன்றின் ஒரு பதிப்பிலே அது வெளிவந்தும் விட்டது! எழுவரும் இசைந்தே பெயர் கொடுத்தார்கள். பெயர்களும் அவர்களுடையனவே. ஆனால் படிப்பவனிடம் எவர் இசைவு வாங்கினார்? சான்று கூறுபவள் ஒருத்தி, விற்பவன் ஒருவன். மூன்றாமவன் ஒருவன் இருக்கிறானே, பணத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு கடை வாயிலிலே நிற்பவன்! அவள் தன் வரியை விட்டுக் கொடுக்கலாம். அவன் காதுக்கு வரவேண்டிய செய்தியை விட்டுக் கொடுக்க அவளுக்கும் உரிமை கிடையாது.

சட்டம் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2022 ஜூனிலே வந்த விளம்பர நெறிமுறைகள், பரிந்துரை என்பது அதைக் கூறுபவரின் மெய்யான கருத்தாக, ஓரளவேனும் நிகழ்காலத்துக்குரிய கருத்தாக, போதிய அறிவையோ பட்டறிவையோ அடிப்படையாகக் கொண்டதாக இருக்கவேண்டும் என்கின்றன. தவறினால் 10 லட்சம் வரை தண்டம், மீண்டும் தவறினால் 50 லட்சம் வரை. பட்டறைக்காரருக்கு இந்த எண்களைச் சொல்லி அச்சமூட்டுவதிலே எனக்கு விருப்பமில்லை. அஞ்சி உண்மை பேசுபவன், அச்சம் தீர்ந்த மறுநாள் என்ன பேசுவான்?

ஆனால் ‘நிகழ்காலத்துக்குரிய கருத்து’ என்றதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வலுவான வாதம் அப்போதுதான் வெளிவந்தது. “அண்ணே, அந்தச் சத்தம் இப்போது இல்லை! அடிப்பாகத்து ரப்பர் தாங்கியை மாற்றிவிட்டேன். பெல்ட்டையும் சரி செய்துவிட்டேன். இன்றைக்கு விற்கும் எந்திரத்திலே இல்லாத குறையை, பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு நானே அச்சிட்டால், அதுதான் பொய்!”

ஒப்புக்கொள்கிறேன், சற்று நேரம் எனக்கு விடை தோன்றவில்லை. பிறகு கேட்டேன்: “தாங்கியை ஏன் மாற்றினாய்?”

“அட்டைகளிலே பாதிப் பேர் சத்தம், சத்தம் என்று எழுதினார்களே!”

ஆக, எந்தச் சொல் எந்திரத்தைத் திருத்திற்றோ அந்தச் சொல்லையே திருத்தப் பார்க்கிறார்! கடிதத்தைத் தேதியோடு போடு. அதன் கீழே, உன் பெயரால், ‘இதற்குப் பின் தாங்கியை மாற்றியிருக்கிறோம்’ என்று போடு. நன்னூலார் திறந்துவிட்ட வாயில் உனக்குத் திறந்தே இருக்கிறது. உன் ஆற்றலை அறியாதார் நடுவே உன் வாயால் நீ பேசு. அவள் வாயால் பேசாதே. இவ்வளவுதான் நான் சொன்னது.

நண்பர் விடுவாரா? “வள்ளுவரே, குற்றமற்ற நன்மை பயக்குமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றிருக்கிறாரே!” என்றார். அந்தக் குறளுக்கு நம் நாட்டிலே ஓய்வே கிடையாது! கையூட்டு வாங்குபவனும் அதைத்தான் ஓதுகிறான், கள்ளக் கணக்கு எழுதுபவனும் அதைத்தான் ஓதுகிறான். நன்மை என்றால் யாருக்கு நன்மை? பொய் சொன்னவனுக்கே வரவு வைக்கப்படும் நன்மையை வள்ளுவர் எண்ணியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

இனி, வெட்டாமல் விட்டாலும் தீராத சிக்கலொன்று இருக்கிறது. பெட்டி நிறைய அட்டைகள். அச்சிடுவது பத்து. எந்தப் பத்து? ஒரு புள்ளியையும் மாற்றாமல், புகழ்ந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தால்? பண்டைக் கிரேக்கத்திலே டயாகரஸ் என்ற நாத்திகனைப் பற்றி ரோமானிய அறிஞர் சிசரோ ஒரு கதை கூறுகிறார். கடலிலே புயலுக்குத் தப்பியவர்கள் தெய்வத்துக்கு நன்றியாகப் படங்களைக் காணிக்கை வைத்திருந்தார்களாம். “இத்தனை படங்களைக் கண்டும் தெய்வம் காக்கிறது என்று நம்ப மாட்டாயா?” என்று கேட்டார்களாம். நேர்ந்துகொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே என்பது டயாகரஸின் மறுமொழி. நாம் மேடையிலே மகிழ்ந்து சொல்லும் கதை இது. வேண்டுதலால் பிழைத்தேன் என்று ஒருவர் சான்று சொன்னால், பிழைக்காதவர் எங்கே சான்று சொன்னார் என்று கேட்டு மடக்குகிறோம். மடக்கத்தான் வேண்டும். ஆனால் அதே கேள்வியை நம் கூட்டச் செய்தியிடம் கேட்டதுண்டா? நம் ஏடுகளிலே வாசகர் கடிதம் பகுதிக்கு வந்தவை எத்தனை, வெளிவந்தவை எத்தகையவை என்று கேட்டதுண்டா? ‘உங்கள் கட்டுரை என் கண்ணைத் திறந்தது’ என்பது அச்சேறும். ‘மூன்றாம் பத்தியிலே தவறு’ என்பது குப்பைக் கூடை ஏறும். கிரைண்டர்க்காரரை மட்டும் கூண்டிலே ஏற்றினால் பகுத்தறிவு நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

பொறுக்குவதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. இடம் சிறிது, அட்டை பெரிது, பொறுக்கியே ஆகவேண்டும். வந்தவை இத்தனை, போட்டவை இத்தனை என்ற எண்ணை அடியிலே போடு என்றேன். இணைய வழி வணிகத்துக்காக, வாங்கியவர் கருத்துகளைத் திரட்டுவது, சீர்தூக்குவது, வெளியிடுவது பற்றி 2022 நவம்பரிலே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ‘ஐ.எஸ். 19000’ என்றொரு தர நிலையே வகுத்தது. கட்டாயமாக அன்று, அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டதாக. அச்சுத் துண்டறிக்கைக்கு அப்படியெதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் ஆவடி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 1961இல் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் டாங்கி, ஓட்டிப் பார்த்துச் சோதித்த பின்னரே படைக்குப் போகிறது, எவருடைய நெஞ்சார்ந்த நன்றியைக் கொண்டும் அன்று! சத்தத்தை அளக்கக் கருவி உண்டு, மின்சாரத்தை அளக்க மீட்டர் உண்டு. இரண்டையும் அளந்து நீயே எழுதினால் என்ன? நண்பர் தலையாட்டினார். பிறகு அவர் கண்ணிலே ஒரு மின்னல்.

“அண்ணே, ஒரு சின்னக் குறையும் சேர்ந்திருந்தால்தான் கடிதம் உண்மையாகத் தெரிகிறது. மற்ற அட்டைகளிலும் ஆளுக்கொரு சின்னக் குறையை நாமே எழுதிச் சேர்த்துவிடலாமா?”

சிரிப்பதா, அழுவதா? புகழைப் புனைந்தவனைக்கூடப் பிடித்துவிடலாம். குறையைப் புனைபவனைப் பிடிக்க எவனால் ஆகும்? உண்மையின் உடையைக் களவாடி அணியும் பொய் அது. நல்ல வேளை, கேட்ட மறுகணமே அவரும் சிரித்துவிட்டார்.

மீதம் இருந்தது மொழி. இதிலே எனக்கு உறுதியான கருத்து இருந்தது. அவள் தமிழ் அப்படியே இருக்கவேண்டும். ‘தாங்கல’ என்ற சொல்லிலே இருக்கும் உயிர் ‘தாங்க இயலவில்லை’ என்பதிலே ஏது? எல்லா நற்சான்றும் ஒரே புலவர் எழுதியதுபோல் இருப்பதால்தானே எவரும் அவற்றை நம்புவதில்லை! ஆனாலும் நீதிமன்றத்திலே ஒரு முறை உண்டு. சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்தபின், அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்டவேண்டும், தேவையானால் திருத்தவேண்டும். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 278ஆம் பிரிவிலே அதை விதித்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் சட்டமும் அதை வைத்திருக்கிறது. எழுதுபவன் பேனா நுழைந்தே தீரும் இடத்திலே, கடைசிச் சொல் சாட்சியினுடையது. ஆகவே, அட்டையை எடுத்துக்கொண்டு நண்பரும் நானும் ஒரு ஞாயிறு மாலை பூந்தமல்லிக்குப் போனோம்.

வாயிலிலே ஊறவைத்த அரிசி. உள்ளே அந்தக் கிரைண்டர். படித்துக் காட்டினேன். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை.

“சார், சத்தம்னு போட்டது இருக்கட்டும், அது நெசம். ஆனா பக்கத்து வீட்டு அக்காவ எடுத்துடுங்க. இப்ப நல்லா பேசிக்கிறோம். அவங்க பார்த்தா மனசு கஷ்டப்படுவாங்க.”

எடுத்துவிட்டேன். அது அவள் வெட்டிய வரி. சத்தம் நிற்கிறது, வாங்குபவனுக்கு இழப்பில்லை.

“அப்புறம், இந்த எழுத்தெல்லாம் சரியா பொஸ்தகத்துல இருக்கிற மாதிரி மாத்திடுங்க சார். எம் பொண்ணு எட்டாவது படிக்குது. அச்சுல பார்த்தா, அம்மாவுக்கு எழுதத் தெரியலன்னு நெனைக்கும்.”

நான் போற்றிய பேச்சுத் தமிழை அவள் விரும்பவில்லை! என் சுவைக்காக அவள் மகள்முன் அவளைத் தலைகுனிய வைக்க இருந்தேன். அங்கேயே, அவள் முன்னிலையிலே, வரி வரியாக எழுதிப் படித்துக் காட்டினேன். ‘மிகச் சிறப்பாக’ வேண்டுமா என்று நண்பர் மெல்லக் கேட்டார். “நல்லான்னாலே போதும்” என்றாள்.

துண்டறிக்கை அச்சாகிவிட்டது: “மாவு நன்றாகப் பொங்குகிறது. மின் கட்டணமும் குறைவு. ஆனால் சத்தம் தாங்க முடியவில்லை.” அடியிலே தேதி. அதற்கும் அடியிலே, தாங்கியை மாற்றிய செய்தி, நண்பரின் கையொப்பத்தோடு. அவள் வீட்டு எந்திரத்துக்கும் புதிய தாங்கியைப் பொருத்திவிட்டு வந்தார். அதற்கு விலை வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.